அரை மில்லிக்கு ஒரு மணி நேரம்

பதினேழாம் நம்பர் பம்பில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரில் திருப்புளியக்காவின் கையெழுத்து இருந்தது. அந்தப் பம்பால்தான் அவளுடைய நாத்தனாருக்கு வேலை போகப்போகிறது. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பெரிய வரிசையே சொல்வாள். அந்த வரிசையில் முதல் ஆள் அவளேதான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது, ஆஸ்பத்திரிக் கருவிப் பட்டறையில் அவளோடு பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று வயது. இவளுக்கு முப்பத்தாறு. பத்து வருஷம் வாஷிங் மெஷினும் ஃபேனும் ரிப்பேர் பார்த்தவள், முதல் நாளே சட்டைப் பையில் சொந்தத் திருப்புளியைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளை இந்தப் பக்கம் தள்ளிவிட்டவள் நாத்தனார்தான். கணவனின் தங்கை. அதே ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டே கால் வருஷத்துக்கு முன்னால் அவளே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொண்டுவந்து நீட்டினாள்.

“கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி. துணி தொவைக்கிற மெஷினத் தொறக்கிற கைக்கு மருந்து ஏத்துற மெஷினத் தொறக்கத் தெரியாதா?”

“அதுல சட்டை கிழிஞ்சா திட்டு வாங்குவேன். இதுல என்ன கிழியும்னு யோசிச்சியாடி?”

“அதான் ரெண்டு வருஷத்துக்கு மேல பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாங்களே!”

சொல்லித் தருகிறார்களாம்! பட்டறையின் தலைமை டெக்னீஷியனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அப்புறம் சார்’. எதைக் கேட்டாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பார். இந்த சர்க்யூட் தட்டில் ஏன் இரண்டு ஃபியூஸ் என்று கேட்டால் அப்புறம். இதயத்துடிப்பு காட்டும் மெஷினை எப்படிச் சரிபார்ப்பது என்றால் அப்புறம். பயிற்சிக்கு வந்தவர்கள் என்றால் அவருக்குக் கை கால் முளைத்த தள்ளுவண்டிகள். நாலு மாடிக்கும் மெஷினைத் தூக்கு, துடை, பேட்டரி மாற்று, மறுபடி தூக்கு. இதற்குப் பெயர் பயிற்சி.

ஒவ்வொருவருக்கும் ஒரு லாக்புக் உண்டு. எண்பத்தாறு பக்கம், எண்பத்தாறு வேலை. ஒவ்வொரு வேலையையும் சார் சொல்லிக்கொடுத்து, கூடவே நின்று செய்யவைத்துப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் பரீட்சை, அப்போதுதான் சான்றிதழ். அப்புறம் சார் இந்த ஒரு காரியத்தை மட்டும் அப்புறம் என்று தள்ளவில்லை. ஒரு மதியம் டீ கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, எண்பத்தாறு பக்கத்திலும் சரசரவென்று கையெழுத்துப் போட்டு முடித்தார். தேதிகளை மனம் போனபடி தெளித்தார். டீ ஆறுவதற்குள் திருப்புளியக்கா எல்லா வேலையும் கற்றவளாகிவிட்டாள்!

இனி அந்தப் பம்பு. ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் ஒரு சிரிஞ்ச் படுத்திருக்கும். உள்ளே மோட்டார் சுற்றச் சுற்ற, ஒரு தள்ளுக்கட்டை சிரிஞ்சின் பின்பக்கத்தை மெல்ல மெல்ல அழுத்தும். பெரியவர்களுக்கு மணிக்கு அறுபது மில்லிகூடப் போகும். உள்ளங்கை அகலக் குழந்தைகளுக்கு மணிக்கு அரை மில்லி. பத்து சொட்டு. அவ்வளவுதான் அவற்றின் உடம்பு தாங்கும். ஆகவே பம்பை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். வேகமாக ஓடவிட்டு ஐந்து நிமிஷம், மெதுவாக ஓடவிட்டு ஒரு மணி நேரம். இதைக்கூட அவள் கம்பெனிக் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் வெளியிலிருந்து தர ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் அப்புறம் சார் நாற்பத்தொரு பம்பையும் நாற்பத்தொரு படிவத்தையும் சோதனையில் தேறியதென்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒரு சுருளையும் அவள் முன்னால் வைத்தார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒட்டி முடிச்சிரும்மா.”

“மெதுவேக டெஸ்ட்டு சார்? அளக்கிற மெஷினே ரிப்பேருக்குப் போயி நாலு மாசமாச்சே.”

“வந்தப்புறம் பண்ணிக்கலாம். இப்ப ஒண்ணுக்கு ஒரு மணி நேரம்னு நாப்பத்தோரு மணி நேரம் உக்காந்திருக்கப் போறியா? அரைன்னு போடு.”

அவள் பேனாவை எடுத்ததும் அவர் மறுபடி குனிந்தார். “எல்லாத்துலயும் அரைன்னே போடாத. பாக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். ஒண்ணுல புள்ளி நாப்பத்தொம்பது, ஒண்ணுல புள்ளி அம்பத்தொண்ணுன்னு அங்கங்க மாத்திப் போடு.”

இரண்டே கால் வருஷத்தில் அந்த மனுஷன் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

பதினேழாம் நம்பரை ஐந்து நிமிஷம் வேகமாக ஓட்டியபோது தேறியது. ஆனால் தள்ளுக்கட்டையைக் கையால் அசைத்தபோது ஒரு மயிரிழை ஆடிற்று. அவள் சொன்னாள். அவர் அப்புறம் என்றார். அவள் 0.51 என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பச்சையை ஒட்டினாள். கட்டை விரலால் நாலு மூலையையும் தேய்த்து வேறு விட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நாத்தனார் அந்தப் பம்பை ஒரு குழந்தைக்கு வைத்தாள். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, மணிக்கு அரை மில்லி. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. இருபதாவது நிமிஷத்தில் குழந்தையின் அழுத்தம் சரசரவென்று இறங்கியது. அவள் காரணம் தேடி நிற்காமல் பம்பைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை மாட்டினாள். டாக்டர் ஓடி வந்தார். குழந்தை பிழைத்தது.

அப்புறம் சார் அந்தப் பம்பை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கை மூன்றே வரி. கருவியில் கோளாறு இல்லை. ஆறு வாரத்துக்கு முன் முழுமையாகச் சோதிக்கப்பட்டுள்ளது. பணியில் இருந்த நர்ஸ் மருந்துக் குழாயை அடைக்கும் கிளிப்பைத் திறக்க மறந்திருக்கலாம்.

நாத்தனாரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

“கிளிப்பு தொறந்துதான் இருந்துச்சு அண்ணி,” என்றாள் அவள். சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “ஒம்போது வருஷமா தொறந்துட்டிருக்கேன். மறப்பேனா? ஆனா பச்சை ஒட்டியிருக்குன்னு ஒரே பேச்சா நிக்கிறாங்க. பச்சைய மீறி நான் என்ன சொல்ல?”

“எந்தப் பம்பு?”

“பதினேழு.”

திருப்புளியக்கா அடுப்பை அணைத்தாள். அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கு அதை மென்று விழுங்கிவிட்டாள். நாத்தனார் தூங்கப் போன பிறகு கணவனிடம் மட்டும் கொட்டினாள்.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். நிறைய பேசுகிறவனில்லை. முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். “நீ வாயத் தொறந்தா உன் ரெண்டு வருஷம் போச்சு. தொறக்கலேன்னா என் தங்கச்சி பொழப்பு போச்சு. நான் யாருக்குன்னு பேசறது?”

“நீங்க யாருக்கும் பேச வேணாம். என்னைத் திட்டவாவது திட்டுங்களேன்!”

அவன் திட்டவில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்ததும் நேரே சாரின் மேஜைக்குப் போனாள்.

“சார், பதினேழ மெதுவா ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்கணும்.”

“அது கண்காணிப்பாளர் ரூம்ல பூட்டி வெச்சிருக்கு. உனக்கென்ன திடீர்னு?”

“நான் அதை டெஸ்ட் பண்ணல சார். எண்ண மட்டும்தான் எழுதினேன். உங்களுக்கும் தெரியும்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “படிவத்துல யார் கையெழுத்து? உன்னுது. நான் எங்கயாச்சும் போட்டிருக்கேனா? ரெண்டு வாரத்துல பரீட்சை. குடும்பத்துல ஒருத்தர் வேலை போகுதுன்னா வருத்தம்தான், இல்லேங்கல. ரெண்டு பேரு வேலையும் போகணுமா? யோசி. அப்புறம் பேசலாம்.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் படிவத்தில்தான் கையெழுத்துப் போடவில்லை. லாக்புக்கில் போட்டிருக்கிறாரே! அலமாரியிலிருந்து அதை எடுத்துப் புரட்டினாள். நாற்பத்து நாலாம் பக்கம். ‘சிரிஞ்ச் பம்பின் மெதுவேகச் சோதனை. கற்பிக்கப்பட்டது. என் முன்னிலையில் செய்து காட்டினார்.’ கீழே தேதி, கையெழுத்து. பிறகு ஸ்டோருக்குப் போய் அளக்கும் மெஷின் வெளியே போன சீட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டாள். சார் மனம் போனபடி தெளித்த தேதி, மெஷின் கட்டடத்திலேயே இல்லாத மாதத்தில் போய் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை தொடங்கியது. நீளமான மேஜையின் ஒரு பக்கம் மருத்துவக் கண்காணிப்பாளர் அம்மாவும் நர்ஸ்களின் தலைவியும். எதிர்ப் பக்கம் நாத்தனார், தனியாக. ஓரத்தில் அப்புறம் சார், கோப்போடு. நடுவில் பதினேழாம் நம்பர் பம்பு, பச்சை ஸ்டிக்கர் பளபளக்க.

திருப்புளியக்கா கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் மருந்துக்குப் பதில் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்ச், ஒரு மெல்லிய குழாய், அளவுக்கோடு போட்ட ஒரு மில்லி ஊசிக்குழல், பட்டறைச் சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம், லாக்புக்.

“யாரும்மா நீ? யார் வரச் சொன்னா?” என்றார் கண்காணிப்பாளர்.

“யாரும் சொல்லல மேடம். அந்த ஸ்டிக்கர்ல இருக்கிற கையெழுத்து என்னோடது. பயிற்சிக்கு வந்தவ. படிவத்துல புள்ளி அம்பத்தொண்ணுன்னு எழுதினது நான்தான். ஓட்டிப் பாக்காம எழுதினேன்.”

நாத்தனார் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாளாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் சொல்லாததை, இப்போது நாலு பேர் முன்னால் கேட்கிறாள். அந்தப் பார்வையைத் திருப்பிப் பார்க்கத் திருப்புளியக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

“மேடம், சொந்தக்காரப் பொண்ணு,” என்று அப்புறம் சார் எழுந்தார். “நாத்தனாரக் காப்பாத்த ஏதோ ஜோடிச்சிட்டு வந்திருக்கா. நான் ஓட்டிப் பாத்துட்டேன், நல்லா ஓடுது.”

“எவ்வளவு நேரம் ஓட்டினீங்க சார்?” என்றாள் அவள்.

“தேவையான நேரம்.”

“அஞ்சு நிமிஷம். இப்ப ஒரு மணி நேரம் ஓட்டலாம். அந்தக் கொழந்தைக்கு வெச்ச அதே வேகத்துல.”

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குப் பன்னெண்டரைக்கு வேற மீட்டிங் இருக்கும்மா. ஒரு மணி நேரமெல்லாம்...”

“இதேதான் மேடம்!” அவள் குரல் அறையை நிரப்பியது. “இந்த ஒரு மணி நேரம் இங்க யாருக்குமே இல்ல. சாருக்கு இல்ல, எனக்கு இல்ல, இப்ப உங்களுக்கும் இல்ல. அதனாலதான் ஒரு பச்சைக் கொழந்தை சாகப் பாத்துச்சு. ஒம்போது வருஷம் வேலை பாத்தவள அனுப்பறதுக்கு நேரம் இருக்கில்ல? இதுக்கும் உக்காருங்க!”

அவளுக்கே காது அடைத்தது. இப்போது வெளியே தள்ளப்போகிறார்கள் என்று நினைத்தாள். நர்ஸ்களின் தலைவி நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஓட்டட்டும் மேடம். நானும் பாக்கணும்.”

கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார்.

திருப்புளியக்கா சிரிஞ்சைப் பொருத்தினாள். கிளிப் திறந்திருப்பதை ஒவ்வொருவரிடமும் காட்டினாள். குழாயின் முனையை ஒரு மில்லி ஊசிக்குழலில் விட்டாள். மணிக்கு அரை மில்லி. பொத்தானை அழுத்தியபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

ஐந்து நிமிஷம் போயிற்று. திரையில் எண் ஏறியது. ஊசிக்குழல் காய்ந்து கிடந்தது. பத்தாவது நிமிஷத்தில் அப்புறம் சார் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். பதினைந்தாவது நிமிஷத்தில் கண்காணிப்பாளர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். திரை ‘ஏற்றியாயிற்று’ என்று எண் காட்டியது. குழலில் ஒரு சொட்டு இல்லை.

“இருபது நிமிஷம்,” என்றாள் நாத்தனார். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. “இந்நேரத்துக்குத்தான் அவனுக்கு உதடு நீலமாச்சு.”

அந்த ஒரு வரியில் திருப்புளியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இதுவரை அவள் ஒரு பம்பைப் பற்றித்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கோபம் முழுசாகத் திரும்பி அவள் நெஞ்சிலேயே குத்தியது. நாலு மூலையையும் தேய்த்து ஒட்டினோமே என்று நினைத்தாள்.

இருபத்து நாலாவது நிமிஷம் முதல் சொட்டு வந்து விழுந்தது.

“உள்ள கட்டையத் தள்ற திருகு தேஞ்சிருக்கு மேடம்,” என்றாள். “திருகுக்கும் தள்ளுக்கட்டைக்கும் நடுவுல ஒரு இடைவெளி. வேகமா ஓட்டினா பத்து, பன்னெண்டு செகண்டுல அது அடைபட்டுரும், தெரியாது. மெதுவா ஓட்டினா அதை அடைக்கவே இருபத்து நாலு நிமிஷம். இன்னிக்கு அளக்கிற மெஷின்கூட இல்லாமத்தான் கண்டுபிடிச்சோம். அன்னிக்கே உக்காந்திருந்தா நானும் கண்டுபிடிச்சிருப்பேன்.”

அப்புறம் சார் கோப்பை மூடினார். “பயிற்சிக்கு வந்தவங்க இப்படிப் பொய் எழுதுவாங்கன்னு நான் கண்டேனா மேடம்? முறையா சொல்லிக் குடுத்திருக்கேன். அவ செய்யல.”

அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள். லாக்புக்கை நாற்பத்து நாலாம் பக்கத்தில் விரித்து, பக்கத்திலேயே போனில் ஸ்டோர் சீட்டின் படத்தை வைத்தாள். “எந்த மெஷின வெச்சு சொல்லிக் குடுத்தீங்க சார்? அந்தத் தேதியில அது ஊர்லயே இல்லையே. நானும் பொய்தான் எழுதினேன், மறைக்கல. என் பொய் நாப்பத்தோரு ஸ்டிக்கர்ல இருக்கு. உங்க பொய் எம்பத்தாறு பக்கத்துல இருக்கு. இன்னும் அஞ்சு பிள்ளைங்க லாக்புக்கயும் கொண்டாரச் சொல்லவா?”

கண்காணிப்பாளர் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார். நர்ஸ் மேல் தவறில்லை, நாளைக்கே வேலைக்கு வரலாம். தலைமை டெக்னீஷியன் விளக்கம் எழுதித் தர வேண்டும். பயிற்சிக்காரியின் பரீட்சையும் சான்றிதழும் நிறுத்திவைக்கப்படும், முடிவு பிறகு. பதினேழாம் நம்பர் பம்பைக் கழித்துக்கட்டிவிடலாம்.

“சரி, முடிஞ்சுது,” என்று காகிதங்களை அடுக்கினார்.

இரண்டே கால் வருஷம் போயிற்று என்று திருப்புளியக்காவுக்குப் புரிந்தது. ஆனாலும் நாத்தனார் தப்பிவிட்டாள். அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கடிகாரத்தைக் கையில் எடுத்தாள்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. “மத்த நாப்பது?” என்றாள்.

காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் நிமிர்ந்தார்.

“நாப்பத்தோரு ஸ்டிக்கர்னு சொன்னாங்க. ஒண்ணு இதோ இருக்கு. மத்த நாப்பது எங்க? நான் சொல்றேன். எட்டு எங்க வார்டுல கொழந்தைங்களுக்கு ஓடிட்டிருக்கு. ரெண்டு மணிக்கு சிரிஞ்ச் மாத்துவாங்க. எந்தப் பம்புல இந்த மாதிரி இடைவெளி இருக்கோ, மாத்தின உடனே மருந்து நிக்கும்.” அவள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள், பிறகு அப்புறம் சாரைப் பார்த்தாள். “இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

அப்புறம் சாருக்குப் பழக்க தோஷம். “அதை அப்புறம்...” என்று ஆரம்பித்தவர், நாலு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்தினார்.

நாத்தனார் எழுந்து கதவைத் திறந்தாள். திருப்புளியக்கா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

“ஏய், நான் உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்...”

“இப்ப எங்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க அண்ணி. என் வேலைக்காகப் பேசினீங்க, சரி. அந்த நாப்பது உங்க ஞாபகத்துலயே இல்லையா?” திரும்பிப் பார்க்காமலேயே படியேறினாள். “வார்டு அலமாரியில ஒரு பம்பு சும்மா இருக்கு. மொதல்ல அதை ஓட்டுங்க. நல்லா இருந்தா ரெண்டாவது தொட்டிலுக்கு மாத்திட்டு, அங்க இருக்கிறதக் கழட்டுவோம்.”

அலமாரிப் பம்பில் நம்பர் இருபத்தாறு, பச்சை ஸ்டிக்கர், அதே கையெழுத்து. திருப்புளியக்கா நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். அவள்தான் அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தாளே, சுலபத்தில் வரவில்லை. திருப்புளியின் நுனியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். உப்புநீர் சிரிஞ்சைப் பொருத்தி, கடிகாரத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஒரு மணி நேரம் நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஊசிக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சொட்டு ஆறாவது நிமிஷத்திலேயே விழுந்தது. மணி முடிந்தபோது குழலில் இருந்தது 0.48. திருப்புளியக்கா அந்த எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதினாள்.

நாத்தனார் அந்தப் பம்பை வாங்கிக்கொண்டு இரண்டாவது தொட்டிலுக்குப் போனாள். அங்கிருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தாள். மணி ஒன்றரை. இன்னும் முப்பத்தொன்பது பாக்கி இருந்தது.